ஏழு நாளா, முப்பது நாளா?

2025 ஜூனில் உலக வங்கி தன் வறுமைக் கணக்கைத் திருத்தியபோது இரண்டு செய்திகள் சேர்ந்தே வந்தன. 2022-ஆம் ஆண்டில் உலகில் கடும் வறுமையில் இருந்தவர்கள் 71.3 கோடிப் பேர் என்று அதுவரை சொல்லிவந்தவர்கள், 83.8 கோடி என்று மாற்றினார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை 2011-12-இல் 27.1 சதவீதமாக இருந்த கடும் வறுமை 2022-23-இல் 5.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். முதல் செய்தியை எடுத்தவர்கள் உலகம் கெட்டுப்போகிறது என்று எழுதினார்கள். இரண்டாவதை எடுத்தவர்களில் பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் பொய்க்கணக்கு என்றார்கள். திருத்தம் வெளியான அன்று உலகில் எவருடைய சோற்றுப்பானையிலும் ஒரு பிடி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் கணக்கில் 12.5 கோடிப் பேர் இடம் மாறினார்கள். இது மோசடி இல்லை. ஆனால் இதை வெறும் தொழில்நுட்பத் திருத்தம் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. இரண்டு எண்களுக்கும் அடியில் ஒரே சின்ன விஷயம்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரரிடம் “போன மாசம் என்ன வாங்கினீங்க?” என்று கேட்டாரா, “போன வாரம் என்ன வாங்கினீங்க?” என்று கேட்டாரா என்பது.

ஒருவர் நாளுக்கு இவ்வளவு டாலருக்குக் கீழே வாழ்ந்தால் கடும் வறுமை என்று உலக வங்கி ஒரு கோடு வைத்திருக்கிறது. இந்த டாலர் கோட்டைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 1985 விலையில் நாளுக்கு ஒரு டாலர், பிறகு 1993 விலையில் 1.08, 2005 விலையில் 1.25, 2011 விலையில் 1.90, 2017 விலையில் 2.15, இப்போது 2021 விலையில் 3.00. விலைவாசி ஏற ஏறக் கோட்டையும் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்று பார்த்தவுடன் படும். ஒரு பகுதி அப்படித்தான். ஆனால் இந்தக் கோட்டை வாஷிங்டனில் உட்கார்ந்து யாரும் வகுக்கவில்லை. மிக ஏழை நாடுகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் வறுமைக்கோடுகளைத் திரட்டி, அவற்றைப் பொது விலைக்கு மாற்றி, நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள். 1.25 டாலர் என்பது 15 நாடுகளின் கோடுகளுடைய சராசரி. அவற்றில் 13 சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள், மற்ற இரண்டு நேபாளமும் தஜிகிஸ்தானும். 2.15-இலிருந்து சராசரியை விட்டுவிட்டுக் குறைந்த வருமான நாடுகளின் கோடுகளில் நடுமதிப்பை எடுக்கிறார்கள்.

இதில் உள்ள வினோதத்தைப் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 2010-லேயே சுட்டிக்காட்டினார். பழைய கணக்கில் இந்தியாவின் தேசியக் கோடும் சேர்ந்திருந்தது, அது மிகத் தாழ்வான கோடு. இந்தியா வளர்ந்து, மிக ஏழை நாடுகளின் பட்டியலைவிட்டு வெளியே போனதும், அந்தத் தாழ்ந்த கோடும் சராசரியிலிருந்து விலகியது. கினி-பிசாவ் போன்ற சிறிய நாடுகளின் உயர்ந்த கோடுகள் உள்ளே நின்றதால் சராசரி ஏறியது. ஏறிய கோட்டை இந்தியாவின் மேல் வைத்துப் பார்த்தால் இந்தியாவில் ஏழைகள் கூடியிருந்தார்கள். ஒரு நாடு வளர்ந்ததாலேயே அதன் ஏழைகளின் எண்ணிக்கை கூடுகிறது என்றால், அளவுகோலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விலைப்பக்கத்துச் சிக்கல்

ரூபாயை டாலராக்கச் சந்தை மதிப்பு உதவாது. ஒரு டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாயாக இருந்த 2017-இல், வாங்குதிறனை வைத்துப் பார்த்தால், அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்த்தால், ஒரு டாலருக்குச் சமம் 20.65 ரூபாய்தான். இது மொத்தப் பொருளாதாரத்துக்கான மதிப்பு, வீட்டு நுகர்வுக்கான மதிப்பு சற்று வேறுபடும். தோராயமாக இதையே வைத்துக்கொண்டால், 2.15 டாலர் என்பது 2017 விலையில் நாளுக்கு ஏறக்குறைய 44 ரூபாய், மாதத்துக்கு 1,350 ரூபாய். “இருநூறு ரூபாயில்கூடவா ஏழை இல்லை?” என்று சந்தை மதிப்பில் பெருக்கிக் கோபப்படுபவர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

இந்த 20.65 எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ‘அரிசி, ஒரு கிலோ’ என்று மட்டும் எழுதி விலை கேட்டால் ஒன்றும் தேறாது. எந்த ரகம், எத்தனை பங்கு குருணை, மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்ததா, பையில் அடைத்து விற்றதா, சந்தையிலா, மளிகைக் கடையிலா, பெரிய அங்காடியிலா என்று எல்லாவற்றையும் வரையறுக்க வேண்டும். வரையறையை இறுக்கினால் அந்தப் பொருள் பாதி நாடுகளில் கிடைக்காது. தளர்த்தினால் ஒரு நாட்டில் ஏழைகள் வாங்கும் அரிசியின் விலையையும் இன்னொரு நாட்டில் வசதியானவர்கள் வாங்கும் அரிசியின் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். எத்தியோப்பியாவின் அன்றாடத் தானியம் டெஃப். அது மற்ற நாடுகளின் சந்தைகளில் பெரும்பாலும் கிடையாது, கிடைத்தால் அருமையான விலைக்கு விற்கும். எத்தியோப்பியர்களின் முக்கிய உணவே ஒப்பீட்டில் சரியாக நிற்காது.

நாடுகளின் விலைகளை இப்படி ஒப்பிடும் உலகக் கணக்கெடுப்பின் 2005 சுற்றில் சீனா முதன்முறையாகக் கலந்துகொண்டது, விலை திரட்டியதோ 11 நகரங்களிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும்தான். இந்தியா 1985-க்குப் பிறகு அந்தச் சுற்றில்தான் திரும்ப வந்தது. அதுவரை இரண்டு பெரிய நாடுகளுக்கும் பழைய விலைகளையும் ஊகங்களையும் வைத்தே கணக்கு ஓடியது. புதிய விலைகள் வந்ததும், முன்பு நினைத்ததைவிடச் சீனாவின் பொருளாதாரம் 40 சதவீதம் சிறியது என்று தெரிந்தது.

இந்த மாற்றுமதிப்பு நாட்டின் மொத்த நுகர்வை வைத்துப் போட்டது, ஏழைகள் வாங்குவதை வைத்துப் போட்டதல்ல என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் டீட்டனும் உலக வங்கியின் ஒலிவியே துப்ரியேவும் ஏழைகளின் செலவுப் பங்கீட்டை வைத்தே மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே விலைப்பக்கத்தில் எனக்குள்ள கவலை, செலவின் எந்தப் பங்குக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதில் இல்லை, ஒரே பொருளை இரண்டு நாட்டில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதில்தான். அதைவிடப் பெரிய கவலை அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

ஒரே தாளில் இரண்டு கட்டங்கள்

ஒரு வீட்டில் வாரத்தில் நாலு நாள் பத்து ரூபாய்க்குக் கீரை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன ஏழு நாளில் எத்தனை கட்டு என்று கேட்டால், விரல்விட்டு எண்ணி நாலு என்பார்கள். போன முப்பது நாளில் எத்தனை என்று கேட்டால், பதினேழு என்று யாரும் சொல்லமாட்டார்கள். “ஒரு பத்துக் கட்டு இருக்கும்” என்பார்கள். ஏழு கட்டுக் கீரையின் விலை அங்கே காணாமல் போகிறது. எதிர்ப்பக்கமும் ஒரு பிழை உண்டு. ஏழு நாள் என்று கேட்டால் ஒன்பதாம் நாள் எடுத்த மீனையும் “இந்த வாரம்தானே” என்று சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். மறதி கணக்கைக் குறைக்கும், நாள் மயக்கம் கூட்டும். அரிசியில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் பல வீடுகளில் அது மாதக் கணக்காக வருகிறது, மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடிபடுவது காய்கறி, எண்ணெய், மீன், முட்டை, டீக்கடைச் செலவு, வெற்றிலை பாக்கு போன்ற சில்லறைக் கொள்முதல்தான். துணி, செருப்பு, பாத்திரம், பள்ளிக் கட்டணம் போன்றவை நேர்மாறு. அவற்றை முப்பது நாளுக்குக் கேட்டால் பெரும்பாலான ஏழை வீடுகளில் பூஜ்யம் வரும். ஒரு வருடத்துக்குக் கேட்டால் பொங்கலுக்கோ பெருநாளுக்கோ எடுத்த துணி நினைவுக்கு வரும். அதனால் இந்தப் பொருள்களில் சராசரி குறைந்தாலும் அடித்தட்டு வீடுகளின் செலவு கூடித் தெரியும். வறுமையைக் கணக்கிட அடித்தட்டுதான் முக்கியம்.

இந்தியாவில் வீட்டுச் செலவுகளைக் கேட்டறியும் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிய காலத்தில், 1950-களின் முதல் பாதியில், புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு இதைச் சோதித்துப் பார்த்துத்தான் முப்பது நாளைத் தேர்ந்தெடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே நின்றது. உலகின் பல நாடுகள் இதற்கிடையே உணவுக்கு ஏழு நாளுக்கு மாறிவிட்டன. 1990-களின் பின்பாதியில் ஆய்வு நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. சில சிறிய சுற்றுகளில் வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய கேள்வித்தாளையும் மறு பாதிக்கு ஏழு நாள் தாளையும் கொடுத்தது. ஏழு நாள் தாளில் உணவுச் செலவு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்தத் தாளில் வந்த செலவை அதே வறுமைக்கோட்டோடு ஒப்பிட்டால் இந்திய வறுமை பாதியாகிவிடும் அளவுக்கு வித்தியாசம்.

அடுத்து வந்தது 1999-2000-இன் பெரிய சுற்று. வறுமை விவாதத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். எந்தத் தாள் என்பதில் உடன்பாடு இல்லாததால் ஒரு சமரசம் செய்தார்கள். ஒரே வீட்டில், ஒரே தாளில், ஒவ்வொரு உணவுப் பொருளுக்கும் ஏழு நாள் கட்டமும் முப்பது நாள் கட்டமும் பக்கத்தில் பக்கத்தில். கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் படும், இரண்டும் கிடைக்கிறதே. ஆனால் வாரத்துக்கு நாலு கட்டுக் கீரை என்று சொன்ன கையோடு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், வீட்டுக்காரர் இனி நினைவிலிருந்து சொல்லமாட்டார், பெருக்கிச் சொல்வார். அவர் பெருக்காவிட்டாலும், இரண்டு கட்டத்துக்கும் பொருத்தம் இல்லையே என்று பார்க்கும் களப்பணியாளர் திரும்பக் கேட்பார். முந்தைய சோதனைகளில் இருந்த பெரிய இடைவெளி அந்தத் தாளில் ஏறக்குறைய மூடிப்போனது. முப்பது நாள் பதில் ஏழு நாள் பதிலால் தூக்கிவிடப்பட்டது. எவ்வளவு தூக்கிவிடப்பட்டது என்று பிரித்தெடுக்க வழியில்லை.

1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 1999-2000-இல் 26.1 சதவீதம் என்று அரசு அறிவித்தது. தாராளமயம் வறுமையைக் குறைத்ததா இல்லையா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்த நேரம், பதில் ஒரு தாளின் இரண்டு கட்டங்களுக்குள் சிக்கிக்கொண்டது. டீட்டன் ஒரு மாற்று வழி பார்த்தார். விறகு, மண்ணெண்ணெய், பல்பொடி, பேருந்துக் கட்டணம் போன்ற சில செலவுகளை எல்லாச் சுற்றிலும் முப்பது நாளுக்கே கேட்டிருந்தார்கள், அந்தப் பதில்கள் கெடவில்லை. அவற்றைப் பிடிமானமாக வைத்து மொத்தச் செலவை மதிப்பிட்டார். அறிவித்த வீழ்ச்சியில் பெரும்பகுதி உண்மை, ஆனால் முழுதும் அல்ல என்று அவருக்கு வந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சென்னும் ஹிமான்ஷுவும் வேறு வழியில் போய், வீழ்ச்சி அதைவிட மிகக் குறைவு என்றார்கள். நல்ல அறிவாளிகள், நேர்மையானவர்கள், ஒரே தரவு, ஆனால் முடிவுகள் வேறு. தாள் கெட்ட பிறகு அறிவு எவ்வளவு இருந்தும் முழுதாக மீட்க முடியவில்லை. 2004-05-இல் திட்டக்குழு பாடம் கற்று இரண்டு எண்களையும் தனித்தனியே வெளியிட்டது: எல்லாவற்றுக்கும் முப்பது நாள் என்றால் 27.5 சதவீதம், துணி, கல்வி போன்றவற்றுக்கு ஒரு வருடம் என்று கலந்து கேட்டால் 21.8 சதவீதம். ஒரே ஆண்டு, அதே மக்கள்.

2011-12-க்கு உலக வங்கி 2015-இல் சொன்னதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்றைய 1.90 டாலர் கோட்டில், பழைய முப்பது நாள் முறையில் இந்திய வறுமை 21.2 சதவீதம். காய்கறி, எண்ணெய், மீன், முட்டை போன்றவற்றுக்கு ஏழு நாள், அரிசி பருப்புக்கு முப்பது நாள், துணிமணிக்கு ஒரு வருடம் என்ற திருத்திய கலப்பு முறையில் 12.4 சதவீதம். பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கிறார்கள். இவ்வளவு பேர் எப்படி என்றால், கோட்டுக்குச் சற்று மேலும் கீழும்தான் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. இந்திய வறுமைக்கோட்டை வகுக்க அரசு அமைத்த குழுக்களில், டெண்டுல்கர் குழுவின் 2011-12 கிராமக் கோடு ஆளுக்கு மாதம் 816 ரூபாய், ரங்கராஜன் குழுவின் கோடு 972. வித்தியாசம் நாளுக்கு ஐந்து ரூபாய்தான். நகரத்தில் 1,000, 1,407. ஏழைகளின் எண்ணிக்கையோ 26.9 கோடியிலிருந்து 36.3 கோடியாகிறது. இத்தனைக்கும் செலவு கூடுதலாகப் பதிவாகும் கலப்பு முறையைத்தான் ரங்கராஜன் குழு எடுத்துக்கொண்டது.

இது இந்தியாவின் தனி நோயில்லை. எல் சால்வதோரில் 1994-இல் ஒரு பகுதி வீடுகளுக்கு நீண்ட பொருள்பட்டியலும் மற்றவர்களுக்குக் குறுக்கிய பட்டியலும் கொடுத்தபோது, நீண்ட பட்டியலில் சராசரி நுகர்வு 31 சதவீதம் கூடுதலாக வந்தது. ‘காய்கறி எவ்வளவு?’ என்று கேட்டால் வராத செலவு, ‘தக்காளி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு?’ என்று கேட்டால் வருகிறது. தான்சானியாவில் ஏறக்குறைய 4,000 வீடுகளை எட்டு விதமான தாள்களுக்குக் குலுக்கிப் போட்ட ஆய்விலும் தாளுக்குத் தாள் வறுமை மாறியது. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனி நாட்குறிப்பு எழுதி, அதை அடிக்கடி வந்து சரிபார்த்தபோதுதான் அதிக நுகர்வு பதிவானது. வெளியில் சாப்பிட்ட வடையும் டீயும் வீட்டுத்தலைவிக்கு எப்படித் தெரியும்?

இதற்குள்ளேயே இன்னும் சில குழிகள் உண்டு. நம் ஊர்ச் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்பதுபோல, கென்யாவில் மக்காச்சோளத்தைக் கொரோகொரோ என்ற இரண்டு கிலோ டின்னால் அளந்து விற்கிறார்கள். கூறு சந்தைக்குச் சந்தை, பருவத்துக்குப் பருவம் மாறும். அதை எடைபோட்டு வைத்துக்கொள்ளாமல் கேள்வி கேட்டால் வரும் கிலோக்கணக்கு கற்பனைதான். சொந்த நிலத்து விளைச்சலைக் களத்துமேட்டு விலையில் எழுதுவதா, கடை விலையில் எழுதுவதா என்பது இன்னொன்று. ரேஷன் அரிசி இன்னும் சிக்கல். கொடுத்த காசை மட்டும் எழுதினால் ஒரு ரூபாய் அரிசி ஒரு ரூபாய்க்குத்தான் கணக்கில் ஏறும், அது மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தின் மதிப்பு மறைந்துவிடும். இந்தியாவின் 2022-23 வீட்டுச் செலவு ஆய்வில் இலவசப் பொருள்களுக்கும் மதிப்புப் போட்டு இரண்டு எண்களாகக் கொடுத்தார்கள்: கிராமத்தில் ஆளுக்கு மாதம் 3,773 ரூபாய், இலவசங்களைச் சேர்த்தால் 3,860. லத்தீன் அமெரிக்க நாடுகள் பல நுகர்வைக் கேட்பதே இல்லை, வருமானத்தைத்தான் கேட்கின்றன. ஒரு மாதம் வேலை இல்லாதவரின் வருமானம் பூஜ்யமாக இருக்கலாம், அவருடைய நுகர்வு ஒருபோதும் பூஜ்யமாக இருக்காது. இரண்டு வகை நாடுகளும் ஒரே பட்டியலில், ஒரே மூன்று டாலர் கோட்டின் கீழ்.

கோடும் கேள்வியும் ஒன்றையொன்று இழுக்கும்போது

தேசிய வறுமைக்கோட்டைப் போடும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். நாளுக்கு இத்தனை கலோரி என்று வைத்து, ஏழை வீடுகள் உண்மையில் சாப்பிடுவதைப் பார்த்து அதற்கு விலை போட்டு, அந்த விலையை ஒட்டிச் செலவிடும் வீடுகள் உணவல்லாதவற்றுக்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று பார்த்துச் சேர்ப்பார்கள். அதாவது கோடே அந்த ஆய்வுத் தாளிலிருந்துதான் பிறக்கிறது. தாள் அதிகமாகப் பிடித்தால் கோடும் ஏறும். ஒரு நாட்டுக்குள் இது பெரிய தீங்கில்லை, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன.

நாடுகளுக்கிடையே கொண்டுபோகும்போதுதான் இடறுகிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பொது நாணயத்தைப் பயன்படுத்தும் எட்டு நாடுகள் பெனினிலிருந்து டோகோவரை ஒரே மாதிரியான புதிய ஆய்வுக்கு 2018-19-இல் மாறின. பழைய ஆய்வுகளைவிட அது நுகர்வை நன்றாகப் பிடித்தது, அந்த நாடுகளின் கோடுகளும் உயர்ந்தன. மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ, டோகோ, கினி-பிசாவ் ஆகியவை குறைந்த வருமான நாடுகள் என்பதால், அந்த உயர்ந்த கோடுகள் உலகக் கோட்டின் நடுமதிப்பையும் தூக்கின. 2.15-இலிருந்து 3.00-க்கு ஏறியதில் பெரும்பங்கு விலைவாசியால் அல்ல, இப்படித் திருத்திய கோடுகளால்தான் வந்தது. இப்போது நன்றாகக் கேட்ட தாளில் பிறந்த கோட்டை, இன்னும் பழைய தாளில் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்டின்மீது வைக்கிறோம். அந்த நாட்டில் கீரைக்கட்டுகள் காணாமல் போயிருக்கும், கோட்டில் போயிருக்காது. அது உண்மையைவிட ஏழையாகத் தெரியும். பல காலம் உலகப் பட்டியலில் முப்பது நாள் தாளோடு நின்ற இந்தியா இதே அநியாயத்தின் லேசான வடிவத்தை அனுபவித்தது என்றே நினைக்கிறேன். இப்போது தாள் மாறியதும் எதிர்ப்பக்கமாக ஊஞ்சல் ஆடுகிறது.

ஆகவே 5.3 சதவீதம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவில் வறுமை நன்றாகவே குறைந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 27.1-இலிருந்து 5.3 என்ற சரிவை அப்படியே வாழ்க்கையின் சரிவாகப் படிக்கக்கூடாது. 2022-23 ஆய்வு 2,61,746 வீடுகளுக்குப் போனது, பொருள்களின் எண்ணிக்கை 347-இலிருந்து 405 ஆனது. ஒரே நாளில் முழுத் தாளையும் கேட்டு முடிப்பதற்குப் பதிலாக உணவு, அன்றாடச் செலவு, நீடித்த பொருள்கள் என்று மூன்றாகப் பிரித்து மூன்று முறை வீட்டுக்குப் போனார்கள். ஒரே அமர்வில் முந்நூற்றுச் சொச்சம் கேள்வி கேட்டால் நூறாவது கேள்விக்கே இருவருக்கும் களைத்துவிடும், பின்பாதியில் “இல்லை, இல்லை” என்றே பதில் வரும். மூன்று வருகையில் அந்தக் களைப்பு இல்லை. இது நல்ல மாற்றம்தான், ஆனால் பழையதோடு ஒப்பிட முடியாத மாற்றம். ஒப்பிடுவதில் சிக்கல் உண்டு என்று உலக வங்கியே தன் குறிப்பில் எழுதியிருக்கிறது, செய்திகளில்தான் அந்த வரி விடுபட்டது. நடுவில் 2017-18-இல் எடுத்த ஆய்வை அரசு வெளியிடாமல் நிறுத்தியதால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே பதினோரு ஆண்டு வெற்றிடம் வேறு.

பொருளாதார அறிஞர் ஆன்டனி அட்கின்சன் தலைமையிலான குழு 2016-இல் உலக வங்கிக்குக் கொடுத்த பரிந்துரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கோட்டை ஒவ்வொரு நாட்டின் பணத்திலும் ஒருமுறை நிறுத்திவிடுங்கள், 2030 வரை அந்தந்த நாட்டு விலைவாசிப் புள்ளியால் மட்டும் ஏற்றுங்கள், ஒவ்வொரு உலக விலைச் சுற்றுக்கும் அசைக்காதீர்கள் என்றார்கள். அதற்குப் பிறகும் 2022-இலும் 2025-இலும் கோடு அசைந்தது. கோட்டை நிறுத்தியிருந்தால் தாள்களைச் சரிசெய்வதில் கவனம் போயிருக்கும்.

தாளை மாற்றும்போது செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. 1990-களின் சிறிய சுற்றுகளில் செய்தார்களே, அதுதான். சில ஆயிரம் வீடுகளைக் குலுக்கி எடுத்து, அவர்களுக்கு மட்டும் பழைய தாளைப் பழைய முறையிலேயே, வேறு களப்பணியாளர்களைக் கொண்டு, அதே மாதங்களில் கேட்க வேண்டும். இரண்டு கட்டங்களையும் ஒரே தாளில் வைக்கவே கூடாது. அப்போது கிடைக்கும் வித்தியாசம்தான் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவிலான பாலம். இந்தியாவுக்கு அரைப்பாலம் ஏற்கனவே இருக்கிறது. 2011-12-லேயே ஒரு தனிப் பகுதி வீடுகளில் ஏழு நாள் கலப்புத் தாளைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருகைக்கும் மூன்று வருகைக்கும் நடுவில்தான் பாலம் தேவைப்படுகிறது. 2023-24-இல் அதே மூன்று வருகை முறையில் மீண்டும் கேட்டு, கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய் என்று கொடுத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த சுற்றில் மாநிலத்துக்குச் சில நூறு வீடுகளை ஒதுக்கி, 2011-12-இன் தாளோடு ஒரே ஒரு முறை மட்டும் போய்க் கதவைத் தட்டினால் போதும்.